2சி-ல 20 இடம் 40 ஆயிடுச்சு, அப்புறமும் ஏன் பேலட்? பி1 ரெஜிஸ்ட்ரேஷன வச்சு கேம் தியரி

ஜூலை வந்தா போதும், சிங்கப்பூர்ல பி1 ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது பிள்ளைய பிரைமரி 1-ல சேக்கறதுக்கான கணக்கு வாட்ஸ்அப் குரூப்புல எல்லாம் சுத்த ஆரம்பிச்சிடும். எந்த ஸ்கூலுக்கு போன வருஷம் எத்தனை பேர் போட்டாங்க, எங்க பேலட் (இடத்துக்கு குலுக்கல்) நடந்துச்சு, எங்க காலியா கிடந்துச்சுன்னு எக்செல் ஷீட் போட்டு அனுப்புவாங்க. அத நம்பி முடிவெடுத்தவங்கள்ல பாதி பேர் ஆகஸ்ட்ல தலைய பிச்சிக்கிறாங்க. கேக்குற கேள்வி பெரும்பாலும் ரெண்டுதான்: போன வருஷம் ஈஸியா கிடைச்ச ஸ்கூல்ல இந்த வருஷம் மட்டும் எப்படி இவ்வளவு கூட்டம்? 2022-லேருந்து, ஸ்கூலோட எந்தத் தொடர்பும் இல்லாதவங்க போடற 2சி கட்டத்துக்கு ஒதுக்குற இடம் 20-லேருந்து 40 ஆயிடுச்சே, அப்புறமும் ஏன் பேலட்?

ரெண்டுக்கும் பதில் கேம் தியரியோட முதல் பாடத்துலயே இருக்கு. கணக்குன்னு பயப்பட வேணாம், வகுத்தல் தெரிஞ்சா போதும்.

முதல்ல ரூல்

பிள்ளையோட அண்ணனோ அக்காவோ அதே ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தா கட்டம் 1. அப்பா அம்மா அந்த ஸ்கூல்ல படிச்சிருந்தா, இல்ல அது மாதிரி வேற தொடர்பு இருந்தா 2ஏ. ஸ்கூல்ல பேரன்ட் வாலன்டியரா 40 மணி நேரம் வேலை செஞ்சவங்க, சர்ச் இல்ல கிளான் (சீனக் குல) சங்கம் மூலமா வர்றவங்க, சமூகத் தலைவர்கள் எல்லாம் 2பி. இதுல எதுலயும் வராத மிச்ச சிட்டிசன், பிஆர் (நிரந்தரவாசி) எல்லாரும் 2சி. நம்மாளுங்க நிறைய பேர், குறிப்பா இங்க வந்து செட்டிலாகி சிட்டிசன் ஆனவங்க, 2சி-தான், ஏன்னா இங்க படிச்ச அப்பா அம்மா இல்ல.

ஒவ்வொரு ஸ்கூலும் 2பி-க்கு 20, 2சி-க்கு 40 இடம் கண்டிப்பா ஒதுக்கி வைக்கணும். ஆள் அதிகமானா முதல்ல சிட்டிசன், அப்புறம்தான் பிஆர். சிட்டிசனுக்குள்ள வீடு 1 கிலோமீட்டருக்குள்ள இருந்தா முதல் உரிமை, அடுத்து 1-லேருந்து 2, அதுக்கப்புறம் 2-க்கு மேல. ஒரே தூர வட்டத்துல இடத்த விட ஆள் அதிகமா இருந்தா அங்க கம்ப்யூட்டர் குலுக்கல்.

இந்தக் கட்டுரைக்கு முக்கியமான ரூல் இதுதான்: 2சி-ல ஒரே ஒரு ஸ்கூலுக்குத்தான் போட முடியும். கிடைக்கலன்னா அடுத்து 2சி சப்ளிமென்டரி, அதாவது எல்லாரும் எடுத்தது போக மிச்சம் இருக்கற ஸ்கூல்.

இது ஏன் ஒரு "கேம்"

கேம் தியரில கேம்னா விளையாட்டு இல்ல. மூணு விஷயம் இருந்தா அது கேம்:

1. ஆட்டக்காரங்க. இங்க குடும்பங்கள்.
2. ஒவ்வொருத்தருக்கும் இருக்கற உத்திகள், அதாவது என்னென்ன செய்யலாம்ங்கற லிஸ்ட். இங்க எந்த ஸ்கூலுக்கு போடறதுங்கறது.
3. பலன். எல்லாரும் முடிவெடுத்து முடிச்சதும் ஒவ்வொருத்தருக்கும் என்ன கிடைக்குதுங்கறது, ஒரு நம்பரா.

மூணாவதுலதான் சூட்சுமம் இருக்கு. என் பலன் என் முடிவ மட்டும் வச்சு வர்றதில்ல, பக்கத்து புளோக்குல இருக்கறவர் என்ன போட்டார்ங்கறதும் அதுக்குள்ள வருது. கடைல அரிசி வாங்கறது கேம் இல்ல, விலை ஒட்டிருக்கும், நீங்க வாங்கறதால மாறாது. பேலட் அப்படி இல்ல, நீங்க உள்ள வந்தாலே மத்தவங்க சான்ஸ் கொஞ்சம் குறையுது.

உத்தி லிஸ்ட் எல்லாருக்கும் ஒண்ணுங்கிறதும் கிடையாது. சாப் (சீன மொழிக்கான சிறப்பு உதவித் திட்ட) ஸ்கூல்கள்ல தாய்மொழிப் பாடம் சீனம் மட்டும்தான், அதனால பிள்ளைக்கு ஸ்கூல்லயே தமிழ் வேணும்ங்கற குடும்பத்துக்கு அந்தப் பேரெல்லாம் ஆரம்பத்துலயே லிஸ்ட்ட விட்டு போயிடும். இன்னும் சில ஸ்கூல்ல தமிழ் இருக்கும் ஆனா வேற சென்டருக்குப் போய் படிக்கணும், அத விசாரிச்சிட்டுத்தான் மத்த கணக்கெல்லாம்.

நேஷ் சமநிலை

கணித மேதை ஃபான் நியூமனும் பொருளாதார நிபுணர் மோர்கென்ஸ்டெர்னும் 1944-ல எழுதின தடிப் புத்தகத்துலேருந்துதான் இந்தத் துறை பெருசா வளர ஆரம்பிச்சுது, ஆனா அவங்க ஒருத்தர் ஜெயிச்சா இன்னொருத்தர் அதே அளவு தோக்கற ஆட்டத்துலதான் ரொம்ப தூரம் போனாங்க. 1950-ல பிரின்ஸ்டன்ல ஜான் நேஷ்னு 21 வயசுப் பையன் ரெண்டே பக்கத்துல ஒரு கட்டுரை போட்டார், எத்தனை பேர் ஆடற ஆட்டத்துக்கும், எந்த மாதிரி பலனுக்கும் பொருந்தற மாதிரி. அதுக்காக 1994-ல நோபல் கிடைச்சுது.

அவர் சொன்னது இவ்வளவுதான்: எல்லாரும் ஒரு முடிவு எடுத்தாச்சு. இப்ப ஒவ்வொருத்தரா கேளுங்க, "மத்தவங்க யாரும் மாத்தல, நீங்க மட்டும் மாத்திக்கலாம்னா மாத்துவீங்களா?" எல்லாருமே "மாத்தி எனக்கு லாபம் இல்ல"ன்னு சொன்னா அது சமநிலை. ஒருத்தர் "அடடா, மாத்திருக்கலாமே"ன்னு சொன்னாலும் சமநிலை இல்ல. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்களாங்கற கேள்வியே இதுல கிடையாது, அத மறந்துடாதீங்க.

ஹாக்கர் சென்டர்ல (சாப்பாட்டுக் கடைங்க இருக்கற இடம்) மேசைல டிஷ்யூ பாக்கெட் வச்சு "சோப்" பண்றது, அதாவது இடம் பிடிக்கறது, இப்படி ஒரு சமநிலை. எல்லாரும் மதிக்கறப்ப நீங்க மட்டும் பாக்கெட்ட தள்ளிட்டு உக்காந்தா சண்டை, அதனால நீங்களும் மதிப்பீங்க. யாருமே மதிக்காத ஊர்ல நீங்க மட்டும் பாக்கெட் வச்சா பாக்கெட்டும் போகும் மேசையும் போகும். ஒரே ஆட்டம், ரெண்டு சமநிலை, எந்த ஊர் எதுல போய் நிக்கும்ங்கறத பழக்கம்தான் முடிவு பண்ணுது.

40 மணி நேர வேலை: சீட்டு கூடல, வேர்வை மட்டும் கூடுது

சமநிலைய எப்படி கண்டுபிடிக்கறதுன்னு சின்ன உதாரணத்துல பாப்போம். ரெண்டு குடும்பம், ஒரு சீட்டு. சீட்டோட மதிப்பு 10. வாலன்டியர் வேலையோட கஷ்டம் 3ன்னு வச்சுக்குவோம், எல்லாம் நானா போட்ட நம்பர்தான். ஒருத்தர் மட்டும் வேலை செஞ்சா சீட்டு அவருக்கு. ரெண்டு பேரும் செஞ்சாலோ, ரெண்டு பேரும் செய்யலன்னாலோ பூவா தலையா.

1. ரெண்டு பேரும் செய்யல: ஆளுக்கு 5.
2. ரெண்டு பேரும் செஞ்சாங்க: ஆளுக்கு 5-லேருந்து 3 போக 2.
3. ஒருத்தர் மட்டும்: செஞ்சவருக்கு 7, மத்தவருக்கு 0.

இப்ப ஒரு ஆளோட நிலைல நில்லுங்க. எதிராளி செய்யலன்னா, நான் செஞ்சா 7, செய்யலன்னா 5, அதனால செய்வேன். எதிராளி செஞ்சா, நான் செஞ்சா 2, செய்யலன்னா 0, அப்பவும் செய்வேன். எதிராளி என்ன பண்ணாலும் ஒரே பதில் வருதுன்னா அத மேலோங்கின உத்தின்னு சொல்லுவாங்க. எதிராளியும் இதே கணக்கத்தான் போடுவார். முடிவு ரெண்டு பேரும் செய்றது, ஆளுக்கு 2. சும்மா வீட்டுல உக்காந்திருந்தா ஆளுக்கு 5.

இதுதான் பேர் போன கைதிகளின் குழப்பம். 1950-ல அமெரிக்காவோட ரேண்ட் ஆய்வு நிறுவனத்துல மெர்ரில் ஃப்ளட், மெல்வின் டிரெஷர்னு ரெண்டு பேர் உருவாக்கின ஆட்டம், ஆல்பர்ட் டக்கர் அதுக்கு ஜெயில் கதை கட்டினதால அந்தப் பேரே நின்னுடுச்சு. சாலை தாண்ட பிள்ளைங்களுக்கு உதவறது, லைப்ரரில புக் அடுக்கறது எல்லாம் ஸ்கூலுக்கு நிஜமாவே பயன்தான், அத வேஸ்ட்னு சொல்லல. ஆனா சீட்டு கணக்குல மட்டும் பார்த்தா எத்தனை பேர் வேர்வை சிந்தினாலும் சீட்டு அதே எண்ணிக்கைதான். போதாக்குறைக்கு வாலன்டியரா சேரறதே ஸ்கூல் எடுத்தாத்தான், சேர்ந்து முடிச்சாலும் 2பி-லயே பேலட் வரலாம்.

ரெண்டு ஸ்கூல், ரெண்டு குடும்பம்

இப்ப 2சி. பேர் போன பெரிய ஸ்கூல் ஒண்ணு, மதிப்பு 10. வீட்டுக்குப் பக்கத்துல சாதாரண ஸ்கூல், மதிப்பு 7, 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கறதால போட்டா உறுதியா கிடைக்கும், போடலன்னா தூரத்துல இருக்கறவங்க எடுத்துக்குவாங்க. பேலட்ல தோத்தா எங்கயோ மிச்சம் இருக்கற ஸ்கூல், பஸ்ல 40 நிமிஷம், மதிப்பு 2. அரசன நம்பி புருஷன கைவிட்ட கதை.

பேர் போன ஸ்கூல்ல ஒரே சீட்டு, குடும்பம் ரெண்டு. ரெண்டு பேரும் அங்க போட்டா பாதி சான்ஸ் 10, பாதி சான்ஸ் 2, சராசரி 6. ஒருத்தர் மட்டும் போட்டா அவருக்கு 10, மத்தவருக்கு 7.

கண்டுபிடிக்கற வழி அதேதான், எதிராளியோட ஒவ்வொரு உத்திக்கும் என் சிறந்த பதில் எதுன்னு குறிச்சுக்கணும், ரெண்டு பேரோட குறியும் ஒரே இடத்துல விழுந்தா சமநிலை. எதிராளி பெரிய ஸ்கூலுக்கு போனா எனக்கு 6-ஆ 7-ஆ? 7, பக்கத்து ஸ்கூல். எதிராளி பக்கத்து ஸ்கூலுக்கு போனா 10-ஆ 7-ஆ? 10, பெரிய ஸ்கூல். ஆக சமநிலை ரெண்டு: நான் பெருசு நீ பக்கம், இல்ல நீ பெருசு நான் பக்கம். எது நடக்கும்? தெரியாது. ரெண்டு பேரும் பேசிக்காம எப்படித் தெரியும்?

இதுக்குத்தான் கலப்பு உத்தி. எதிராளி பெரிய ஸ்கூலுக்கு போற வாய்ப்பு எவ்வளவா இருந்தா எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு தோணும்? அந்த வாய்ப்ப வா-ன்னு வச்சா, 6 பெருக்கல் வா, கூட்டல் 10 பெருக்கல் (1 கழித்தல் வா), இது 7-க்கு சமமா இருக்கணும். விடை 4-ல 3. அதாவது ஆளுக்கு 75 சதவீத வாய்ப்புல பெரிய ஸ்கூலுக்கு போறது. அப்படி ஆடினா ரெண்டு பேரும் ஒரே இடத்துல முட்டிக்கற வாய்ப்பு 56 சதவீதம் சொச்சம், பாதிக்கு மேல! நேஷ் நிரூபிச்சதும் இதத்தான் சேர்த்து: ஆட்டக்காரங்களும் உத்திகளும் எண்ணி முடிக்கற அளவுல இருந்தா, கலப்பையும் சேர்த்துக்கிட்டா, ஒரு சமநிலையாவது கட்டாயம் இருக்கும்.

120 குடும்பம், 40 சீட்டு

நிஜத்துக்கு கொஞ்சம் கிட்ட போவோம். அதே 10, 7, 2. ரெண்டு ஸ்கூலுக்கும் 1 கிலோமீட்டருக்குள்ள 120 குடும்பம். பெரிய ஸ்கூல்ல 40 இடம். அங்க 50 பேர் போட்டா ஜெயிக்கற சான்ஸ் 80 சதவீதம், சராசரி பலன் 8.4. பக்கத்து ஸ்கூலோட 7-ஐ விட அதிகம், அதனால இன்னும் ஆள் வரும். 80 பேர் போட்டா பாதி சான்ஸ், பலன் 6, கொஞ்ச பேர் "ஐயோ"ன்னு பின்வாங்குவாங்க. நடுவுல எங்கயோ நிக்கணும் இல்லையா, அது 64 பேர். 64-ல 40, சான்ஸ் 62.5 சதவீதம், பலன் சரியா 7. யாருக்கும் மாத்தி லாபம் இல்ல.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. பெரிய ஸ்கூலுக்கு போடறவருக்கு சராசரியா 7, பக்கத்து ஸ்கூலுக்கு போடறவருக்கும் 7. பெரிய ஸ்கூல்னு ஒண்ணு இல்லவே இல்லன்னா? அப்பவும் எல்லாருக்கும் 7 தான். அந்த ஸ்கூல் குடுக்கற கூடுதல் நன்மை அத்தனையும் அதுக்கான போட்டியிலயே கரைஞ்சு போச்சு, ஜெயிச்ச 40 பேருக்கு கிடைச்ச கூடுதல தோத்த 24 பேர் கட்டிட்டாங்க. சரியா 40 பேர் மட்டும் போட்டிருந்தா 120 குடும்பத்துக்கும் சேர்த்து 960, சமநிலைல 840. நியாயமா சொல்லணும்னா அந்த 24 பேர் விட்டுட்டுப் போன பக்கத்து ஸ்கூல் சீட்டு தூரத்துக் குடும்பங்களுக்கு லாபமா போகுது, ஊருக்கே நஷ்டம்னு சொல்ல முடியாது, ஆனா இந்த 120 பேருக்கு நஷ்டம்தான்.

சீட்ட கூட்டினா என்ன ஆகும்

ரெண்டாவது கேள்விக்கு வந்துட்டோம். சமநிலைல ஜெயிக்கற சான்ஸ் எவ்வளவுன்னு ஒரு சூத்திரமே எழுதிடலாம்: மேல, பக்கத்து ஸ்கூல் மதிப்பு கழித்தல் தோத்தா கிடைக்கற மதிப்பு. கீழ, பெரிய ஸ்கூல் மதிப்பு கழித்தல் தோத்தா கிடைக்கற மதிப்பு. நம்ம நம்பர்ல 8-ல 5.

இதுல சீட்டு எண்ணிக்கை எங்க இருக்கு? எங்கயுமே இல்ல! 20 சீட்டுன்னா 32 பேர் போடுவாங்க, 40 சீட்டுன்னா 64, 60 சீட்டுன்னா 96. சான்ஸ் மட்டும் அதே 62.5-ல நிக்கும், சுத்துவட்டாரத்துல ஆசைப்படற குடும்பம் தீர்ந்து போற வரைக்கும். ரோட்ட அகலப்படுத்தினா கார் அதிகமா வர்ற மாதிரிதான். 40 சீட்டு வந்ததால நல்லது நடந்துச்சு, கூட்டம் அதிகமான ஸ்கூல்ல 20 குடும்பம் வரைக்கும் கூடுதலா உள்ள போச்சு, முன்னாள் மாணவர் தொடர்பு இல்லாதவங்களுக்கு கதவு கொஞ்சம் அகலமா திறந்துச்சு. ஆனா "இடம் கூடுச்சு, அதனால என் சான்ஸ் கூடும்"னு நினைச்சவங்க எல்லாரும் அதே நினைப்போட ஒரே நேரத்துல உள்ள வந்தாங்க பாருங்க.

அப்ப எது மாறினா சான்ஸ் மாறும்?

1. பக்கத்து ஸ்கூலோட மதிப்பு 7-லேருந்து 8 ஆனா, சான்ஸ் 75 சதவீதம், போடறவங்க சுமார் 53 பேரா குறையுவாங்க. ஹெங் சுவீ கியட் கல்வி அமைச்சரா இருந்தப்ப சொன்ன "ஒவ்வொரு பள்ளியும் நல்ல பள்ளி"ங்கற வாசகத்த கோப்பிக்கடைல கிண்டல் பண்றவங்க உண்டு, ஆனா இந்த ஆட்டத்துல பேலட் நெருக்கடிய குறைக்கற கைப்பிடி அதுலதான் இருக்கு. மக்கள் மனசுல அந்த மதிப்பு ஏறணும், அது சுலபம் இல்ல.
2. தோத்தா கிடைக்கறது 2-லேருந்து 4 ஆனா, சான்ஸ் பாதியா இறங்கும், 80 பேர் போடுவாங்க. விழுந்தா அடி படாதுன்னா எல்லாரும் தாண்டிப் பாப்பாங்க.

போன வருஷ எக்செல் ஏன் ஏமாத்துது

சமநிலை 64ன்னு நான் சொல்லிட்டேன், ஆனா அங்க போய்ச் சேர வழி? பெத்தவங்க நிறைய பேர் செய்றது, போன வருஷ நம்பருக்கு சிறந்த பதில் எழுதறது. போன வருஷம் 45 பேர்தான் போட்டாங்கன்னா "ஆஹா ஈஸி"ன்னு இந்த வருஷம் 95 பேர். அதப் பாத்து அடுத்த வருஷம் பயந்து 48. 64-ஐ சுத்தி ஊஞ்சல் ஆடுமே தவிர அதுல நிக்காமலே போகலாம். இதே மாதிரி ஒரு ஆட்டத்த பொருளாதார நிபுணர் பிரையன் ஆர்தர் 1994-ல எழுதினார், அமெரிக்கால சான்டா ஃபே ஊர்ல ஒரு பார், 100 பேர், 60-க்கு மேல வந்தா நெரிசல். எல்லாரும் ஒரே மாதிரி கணிச்சா, அந்தக் கணிப்பே பொய்யாயிடும். "கூட்டம் இருக்காது"ன்னு எல்லாரும் நம்பினா கூட்டம் வந்துடும்.

எக்செல் ஷீட் பொய் சொல்லல. அதே ஷீட்ட மத்தவங்களும் படிக்கறாங்க, அவ்வளவுதான் பிரச்சனை. தூர வட்டத்த பாத்து வீட்டையே மாத்தறவங்களும் இருக்காங்க, அந்த வீட்டுல குறைஞ்சது 30 மாசம் குடியிருக்கணும்ங்கற ரூல் இருக்கறதால அது இன்னும் நீளமான, இன்னும் காசு செலவாகற ஆட்டம்.

ஆட்டத்தையே மாத்தினவங்க

ஒரே ஸ்கூல் போட்டு தோத்தா மிச்சம்தான்ங்கற அமைப்பு எங்க இருந்தாலும் பெத்தவங்க மனசுல இருக்கறத அப்படியே போட முடியாது, ஆசைய மறைச்சு பயத்த போட வேண்டி வரும். அமெரிக்கால பாஸ்டன் நகரத்துல கிட்டத்தட்ட இதே வியாதி, ஆனா அங்க லிஸ்ட் போடலாம், முதல் சாய்ஸ் வச்சவங்களுக்கே முதல் உரிமைங்கறதால ஆசைப்பட்ட ஸ்கூல முதல்ல போட்டு தோத்தா ரெண்டாவதும் அதுக்குள்ள நிரம்பிடும். 2005-ல அத விட்டுட்டு, டேவிட் கேலும் லாயிட் ஷேப்லியும் 1962-ல எழுதின முறைக்கு மாறினாங்க. அதுல ஸ்கூல் முதல் சுத்துல யாரையும் உறுதியா சேத்துக்காது, தற்காலிகமா வச்சுக்கும், அடுத்த சுத்துல முன்னுரிமை அதிகம் இருக்கறவர் வந்தா மாத்திக்கும். அதனால பெரிய ஸ்கூல முதல்ல போட்டு தோத்தாலும் பக்கத்து ஸ்கூல்ல உங்க தூர உரிமை அப்படியே இருக்கும், உண்மையச் சொல்றதே சிறந்த உத்தி. ஷேப்லியும், இத ஸ்கூல், ஆஸ்பத்திரின்னு நடைமுறைக்கு கொண்டு வந்த ஆல்வின் ராத்தும் 2012-ல நோபல் வாங்கினாங்க.

இங்கயே செகண்டரி 1 போஸ்டிங் (பிரைமரி முடிச்சதும் அடுத்த ஸ்கூல் ஒதுக்கறது) அந்தப் பக்கம் சாஞ்சதுதான்: ஆறு ஸ்கூல் வரைக்கும் லிஸ்ட் போடலாம், பிஎஸ்எல்இ, அதாவது பிரைமரி இறுதித் தேர்வு ஸ்கோர் வரிசைல இடம். ஆனா 2021-ல நுணுக்கமா பிரிச்ச பழைய டி-ஸ்கோர் போய் 4-லேருந்து 32 வரைக்குமான ஏஎல் ஸ்கோர் வந்ததும் ஒரே ஸ்கோர்ல நிறைய பிள்ளைங்க நிக்கறாங்க, அந்தச் சம நிலைய அவிழ்க்க சிட்டிசன்ஷிப்புக்கு அடுத்து பாக்கறது லிஸ்ட்ல அந்த ஸ்கூல எத்தனாவதா போட்டீங்கங்கறது, அப்புறம்தான் குலுக்கல். கட்-ஆஃப்ல சரியா நிக்கற பிள்ளைக்கு ஒரு ஸ்கூல முதல்ல போடறதா மூணாவதா போடறதாங்கறது மறுபடி ஒரு ஆட்டம், சின்ன ஆட்டம்.

உங்க வீட்டு நம்பர்

10, 7, 2 என் நம்பர். உங்க வீட்டுல பக்கத்து ஸ்கூலுக்கு 9 குடுக்கறவங்களா இருந்தா, அதே சூத்திரத்துல 8-ல 7, அதாவது 87.5 சதவீத சான்ஸ் இருந்தாத்தான் பெரிய ஸ்கூலுக்கு போடணும். 4-தான் குடுப்பேன்னா 25 சதவீதமே போதும். பேலட் சான்ஸ் 60-ஆ 65-ஆன்னு குரூப்புல மல்லுக்கட்டறதுக்கு முன்னாடி, புருஷனும் பொண்டாட்டியும் தனித்தனியா இந்த மூணு நம்பர பேப்பர்ல எழுதிப் பாருங்க. ரெண்டு பேப்பரும் ஒத்துப் போகலன்னா, வெளில 120 பேரோட ஆடறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள ஒரு ஆட்டம் பாக்கி இருக்கு.